உறையின் பின்பக்கம்

1932 அக்டோபரில் லண்டனிலிருந்து திருச்செந்தூர் அருகே உள்ள ஆலந்தலைக்கு ஒரு விமான அஞ்சல் புறப்பட்டதாக வைத்துக்கொள்வோம். அஞ்சல் முத்திரை சேகரிப்பவர் கையில் அது கிடைத்தால் முதலில் உறையைக் கவிழ்த்துத்தான் பார்ப்பார். முன்பக்கத்தில் அரசரின் தலையும் விமான அஞ்சலுக்கான நீலச் சீட்டும் இருக்கும். வந்த வழியைப் பின்பக்கத்தில் தேட வேண்டும்.

லண்டனின் குராய்டனிலிருந்து பாரிஸ் வரை விமானம். அங்கிருந்து பிரிண்டிசி வரை ரயில்! தன் வானில் பறக்க இத்தாலி இடம் கொடுக்காததால், பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸின் அஞ்சல் அந்த நாட்டைத் தண்டவாளத்தில்தான் கடந்தது. பிறகு கடல் விமானத்தில் ஏதென்ஸ், அலெக்சாந்திரியா. பாலைவனத்துக்கு மேலே பாக்தாத், பாஸ்ரா. அந்த மாதம்தான் தொடங்கியிருந்த ஷார்ஜா வழியில் கராச்சி. சாதாரண உறைகளில் இந்த ஊர்களின் பெயரைப் பார்ப்பது அபூர்வம். கட்டி முத்திரையிட்ட பைக்குள் கிடக்கும் கடிதத்தில் யார் போய் முத்திரை குத்துவது? புறப்பட்ட நாளையும் சேர்ந்த நாளையும் விமான அட்டவணையோடு ஒட்டிப் பார்த்து, இடையில் உள்ள வழியை நாமே கணக்கிட வேண்டும். அரிய தபால் தலையைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். இந்தக் கணக்கை உட்கார்ந்து போட்டுத்தான் ஆக வேண்டும். இந்த வேலையின் உயிரே எனக்கு அதுதான்.

கராச்சியில் பை கைமாறியது. அக்டோபர் 15 காலை, ஒற்றை எஞ்சின் புஸ் மாத் விமானத்தில் ஜே.ஆர்.டி. டாடா கிளம்பினார். அகமதாபாத்தில் அதற்குப் பெட்ரோல் மாட்டுவண்டியில் வந்தது. பம்பாயின் ஜுஹுவில் விமானி நெவில் வின்சென்ட் பொறுப்பேற்று, பெல்லாரியில் இரவு தங்கி, 16ஆம் தேதி சென்னையில் இறங்கினார். இந்த டாடா சேவையின் முதல் பயண உறையைத் தேடுபவர்களின் கண் இந்த இரண்டு தேதிகளில்தான் இருக்கும்.

அதோடு ஆகாயம் முடிந்தது. எழும்பூரிலிருந்து மீட்டர் கேஜ்: திருச்சி, மதுரை, மணியாச்சி. மணியாச்சி என்றாலே 1911 நினைவுக்கு வரும்: அந்த ஆண்டு பிப்ரவரியில் அலகாபாத்தில் உலகின் முதல் அதிகாரபூர்வ விமான அஞ்சல் பறந்தது. அதே ஆண்டு ஜூனில் இந்த மணியாச்சியில்தான் வாஞ்சிநாதன் திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டார். ஓடும் வண்டியில் நின்றபடி கடிதம் பிரித்த ஆர்.எம்.எஸ். (ரயில் அஞ்சல் சேவை) ஊழியரின் வட்ட முத்திரை உறையில் விழுந்திருந்தால், எவ்வளவு மங்கலாக இருந்தாலும், பூதக்கண்ணாடியை எடுக்காமல் நான் விடமாட்டேன்.

திருநெல்வேலியில் வண்டி மாற வேண்டும். 1923இல் திறந்த பாதை தாமிரபரணி வயல்களை ஒட்டி ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், காயல்பட்டினம் என்று இறங்கித் திருச்செந்தூரில் நிற்கிறது.

பின்னாளில், 1938 பிப்ரவரி 28 முதல், டாடா விமானம் திருச்சி வழியாகக் கொழும்புக்கும் போனது. லண்டன் கடிதம் தனிக் கட்டணமின்றியே வானில் வரத் தொடங்க, நீலச் சீட்டுக்கு அவசியம் குறைந்தது. அதற்குப் பிந்திய உறைகளில் துப்புத் துலக்குவது இன்னும் கடினம்.

நம் 1932 கடிதம் திருச்செந்தூரில் இறங்கிவிட்டது. தெற்கே, திரு இருதய ஆண்டவர் கோயிலும் வலை காயும் மணலுமாக ஆலந்தலை. மிச்சம் தபால்காரரின் நடை.