தோற்ற கோச்சுக்கு எதற்கு மூணு கோடி?

எங்கள் வீட்டில் விசில் ஊதிச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் என் தம்பி. வியாசர்பாடிப் பையன்களுக்குக் கால்பந்துப் பைத்தியம் புதிதில்லை. இவனுக்கு அதுவே பிழைப்பாகிவிட்டது. விடியற்காலையில் எழுந்து பைக்கில் பந்து மூட்டையைக் கட்டிக்கொண்டு போவான். சின்னப் பிள்ளைகளுக்கு ஓடவும், பந்தை நிறுத்தவும், தோற்றால் அழாமல் கைகுலுக்கவும் சொல்லிக்கொடுப்பான்.

2024 செப்டம்பரில் ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது போனைப் பார்த்து ஒரு செய்தியைச் சத்தமாகப் படித்தான். இந்திய அணியின் கோச்சாக இருந்த இகோர் ஸ்டிமாக்குக்கு 4 லட்சம் டாலர் கொடுத்து விவகாரத்தை முடிக்கிறது அகில இந்திய கால்பந்து சம்மேளனம். நம் பணத்தில் 3 கோடி ரூபாய்க்கும் மேல்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "தோத்துட்டுப் போனவனுக்கு மூணு கோடியா? இதென்னடா நியாயம்?"

கேள்வி சரியான கேள்விதான். உங்களில் பலரும் இதையேதான் கேட்டிருப்பீர்கள். நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டிமாக் குரோஷியாக்காரர். 1998 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்த குரோஷிய அணியில் தடுப்பாட்டக்காரராக ஆடியவர். 2019 மே மாதம் இந்திய அணியின் கோச்சாக வந்தார். 2023-ல் அவருக்கு நல்ல காலம். கண்டங்களுக்கு இடையிலான கோப்பை, தெற்காசியக் கோப்பை என்று இந்தியா அடுத்தடுத்து ஜெயித்தது. அந்தச் சந்தோஷத்தோடு, அதே ஆண்டு அக்டோபரில், அவருடைய ஒப்பந்தத்தை 2026 ஜூன் வரை நீட்டித்தார்கள்.

அடுத்த சில மாதங்களிலேயே காற்று திசை மாறியது. 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியா ஆடிய 3 ஆட்டங்களிலும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. மார்ச்சில் குவஹாத்தியில், நம் ஊர் மண்ணிலேயே, ஆப்கானிஸ்தானிடம் 1-2. ஜூன் 6-ம் தேதி கொல்கத்தாவில் சுனில் சேத்ரியின் கடைசி ஆட்டம், குவைத்துடன் கோலே இல்லாமல் டிரா. ஜூன் 11-ல் கத்தாரிடம் 1-2. அந்த ஆட்டத்தில் பந்து கோட்டுக்கு வெளியே போன பிறகு கத்தார் அடித்த கோலைப் பற்றி இன்றும் நம் ரசிகர்கள் புலம்புவார்கள். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இந்தியாவின் பயணம் அதோடு முடிந்தது. ஜூன் 17-ல் ஸ்டிமாக்கை நீக்கினார்கள்.

3 மாதச் சம்பளம் தருகிறோம் என்றது சம்மேளனம். ஒப்பந்தத்தில் இன்னும் 2 வருடம் மிச்சமிருக்கிறது, 10 நாளில் என் பாக்கியைத் தீர்க்காவிட்டால் ஃபிஃபாவிடம் வழக்குப் போடுவேன் என்றார் அவர். இடையில் அனுப்பினால் இவ்வளவுதான் என்று சம்மேளனத்தைக் காப்பாற்றும் பிரிவு எதுவும் அந்த ஒப்பந்தத்தில் இல்லை என்பது அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. கடைசியில் 4 லட்சம் டாலரில் சமாதானம்.

இதையெல்லாம் தம்பி அம்மாவிடம் விளக்கவில்லை. "அம்மா, நாம வாடகை வீட்டுக்குப் பதினோரு மாச அக்ரிமென்ட் போடறோம்ல? நாலாவது மாசமே வீட்டுக்காரர் காலி பண்ணுன்னா சும்மா போயிடுவியா?" என்று கேட்டான்.

"எப்படிப் போவேன்? நோட்டீஸ் டைம் வேணும், அட்வான்ஸ் திரும்பி வரணும்."

"அதேதான் இது."

அம்மாவுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. ஆனால், அந்த வாதம் தம்பிக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதற்கு ஒன்றரை வருடம் முன்னால் அவனை இப்படித்தான் அனுப்பியிருந்தார்கள்.

நகரத்தில் ஒரு தனியார் கால்பந்து அகாடமி. பேர் வேண்டாம். மாதம் 18,000 ரூபாய், 10 மாத வேலை என்று பேச்சு. ஒரு பக்கத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். நகல் 'அப்புறம் தர்றோம்' என்றார்கள். 13 வயதுக்கு உட்பட்டோர் அணி இரண்டு போட்டிகளில் வரிசையாகத் தோற்றது. ஒரு திங்கட்கிழமை காலை, பெற்றோர்களுடைய வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவனை நீக்கியிருந்தார்கள். வேலை போனது அவனுக்குத் தெரிந்தது அப்படித்தான். கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டரை மாதச் சம்பளம், 45,000 ரூபாய், பாக்கி.

எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலிடம் அவனை அழைத்துப் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "தோத்தது யாரால?" என்பதல்ல. "கையில என்ன பேப்பர் இருக்கு?" என்பதுதான். பேப்பர் இல்லை. முந்தைய மாதங்களில் சம்பளம் வந்த வங்கிக் கணக்கு, நேரத்துக்கு வரச்சொல்லி நிர்வாகி அனுப்பிய மெசேஜ்கள், மைதானத்தில் பிள்ளைகளோடு எடுத்த போட்டோக்கள், இவ்வளவுதான் இருந்தன. அதை வைத்து ஒரு நோட்டீஸ் அனுப்பினார். 6 வாரம் கழித்து ஒரு மாதச் சம்பளம் வந்தது. மீதி 27,000 இன்றுவரை வரவில்லை.

பணத்தைவிட அவனை அதிகம் வாட்டியது வேறு. அந்த அணியில் ஒரு சின்னப் பெண், கோல்கீப்பர். "கோச், நீங்க ஏன் எங்களை விட்டுட்டுப் போயிட்டீங்க?" என்று அவளுடைய அப்பா போனிலிருந்து வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். தானாகப் போனதாகத்தான் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

கோச் வேலையின் சங்கடமே இதுதான். 11 பேர் ஆடித் தோற்றால் 12-வது ஆள் வீட்டுக்குப் போகிறார். 11 பேரையும் ஒரே நாளில் மாற்ற முடியாது, ஒருவரை மாற்றுவது சுலபம். அது உலகம் முழுக்க நடக்கிற கதை. போகிறவர் எப்படிப் போகிறார் என்பதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம்.

இங்கிலாந்தில் கெவின் கீகன் என்றொரு கோச். அங்கே மேலாளர் என்பார்கள். 2008 ஜனவரியில் நியூகாசில் அணிக்கு வந்தவர், அதே ஆண்டு செப்டம்பரில் ராஜினாமா செய்தார். காரணம் தோல்வி அல்ல. அவர் வேண்டாம் என்று சொன்ன ஒரு உருகுவே வீரரை, அவரை மீறி, கிளப் நிர்வாகம் கடனாக எடுத்துவந்தது. அந்த வீரர் எப்படி ஆடுகிறார் என்று யூடியூபில் பார்த்துக்கொள்ளச் சொன்னார்களாம். தென் அமெரிக்க ஏஜென்ட்கள் இருவருக்குச் செய்த உபகாரம் அது என்பது பிறகு விசாரணையில் வெளிவந்தது.

இந்த மாதிரித் தகராறுகளை விசாரிக்க இங்கிலாந்தின் பிரீமியர் லீக் விதிகளிலேயே மேலாளர்களுக்கென ஒரு நடுவர் தீர்ப்பாயம் உண்டு. கீகன் அங்கே போனார். அணிக்கு யார் வருவது என்பதில் கடைசி வார்த்தை என்னுடையது, அதைப் பறித்தது என்னை வேலையைவிட்டுத் துரத்தியதற்குச் சமம் என்றார். 2009 அக்டோபரில் வெளியான தீர்ப்பு அவர் பக்கம் நின்றது. கடைசி வார்த்தை மேலாளருடையதுதான் என்று பத்திரிகைகளிடம் சொல்லிவந்தது உண்மையல்ல என்று கிளப்பே அங்கே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆனால் பாருங்கள், கீகன் கேட்டது 2.5 கோடி பவுண்டுக்கும் மேல். கிடைத்தது 20 லட்சம் பவுண்டும் வட்டியும். பிரிந்தால் இவ்வளவுதான் என்று அவருடைய ஒப்பந்தத்திலேயே உச்சவரம்பு இருந்தது. அதை வைத்துத்தான் கணக்கு முடிந்தது. ஸ்டிமாக் விஷயத்தில் நம்மவர்களுக்கு இல்லாமல் போனது இதே மாதிரி ஒரு வரிதான். நன்றாக எழுதிய ஒப்பந்தம் வேலை பார்ப்பவரை மட்டுமல்ல, வேலை கொடுப்பவரையும் காப்பாற்றும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஃபிஃபாவும் 2021 ஜனவரியிலிருந்து கோச்களுக்கென்று தனி விதிகள் வைத்திருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 2 மாதச் சம்பளம் வராவிட்டால், எழுத்தில் கேட்டு, குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுத்து, அப்புறமும் வராவிட்டால் கோச் தாராளமாக விலகலாம், தப்பு அவர்மேல் இல்லை. காரணமில்லாமல் நீக்கினால் மிச்சமிருக்கும் காலத்துக்கான தொகையை வைத்து இழப்பீடு பேசப்படும். இடையில் வேறு வேலை கிடைத்துவிட்டால் அந்தச் சம்பளத்தைக் கழித்துக்கொள்வார்கள். கோச் வழக்குப் போட ஃபிஃபா தீர்ப்பாயத்தில் கட்டணம்கூட இல்லை.

கேட்கவே நன்றாக இருக்கிறது, இல்லையா? ஒரு சிக்கல். ஃபிஃபாவிடம் போக வழக்கில் வெளிநாட்டுத் தொடர்பு இருக்க வேண்டும். குரோஷியாக்காரருக்கு இந்தியச் சம்மேளனத்தோடு தகராறு என்றால் அங்கே போகலாம். வியாசர்பாடிக்காரருக்குச் சென்னை அகாடமியோடு தகராறு என்றால் போக முடியாது. உள்ளூர் அமைப்பு, உள்ளூர் கோர்ட், உள்ளூர் வக்கீல், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு சம்மேளனம் கொஞ்சம் கற்றுக்கொண்டதோ என்று தோன்றுகிறது. ஸ்டிமாக்குக்கு அடுத்து வந்த ஸ்பெயின்காரர் மனோலோ மார்க்கெஸ் 2025 ஜூலையில் விலகியபோது, இரண்டு பக்கமும் பேசி முடிவெடுத்தோம், பணச்சுமை யாருக்கும் இல்லை என்று அறிவித்தார்கள். ஆகஸ்டில் காலித் ஜமீலை நியமித்தார்கள். பல வருடங்களுக்குப் பிறகு ஓர் இந்திய கோச்.

அதே மாதங்களில்தான் இன்னொரு கூத்து. இந்தியன் சூப்பர் லீகை அப்போது நடத்திவந்த நிறுவனத்துக்கும் சம்மேளனத்துக்கும் 2010-ல் போட்ட 15 வருட ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடியவிருந்தது. அடுத்து என்ன என்பதில் உடன்பாடு இல்லை. ஜூலையில் புது சீசனையே நிறுத்திவைத்தார்கள். நம் சென்னையின் எஃப்சி உட்படச் சில கிளப்புகள் முதல் அணியின் வேலைகளை நிறுத்தின. பெங்களூரு கிளப் வீரர்களுக்கும் பணியாளர்களுக்கும் சம்பளத்தையே நிறுத்திவைத்தது. வழக்கமாக செப்டம்பரில் தொடங்கும் லீகில் அந்த வருடம் முடியும்வரை ஓர் ஆட்டம்கூட நடக்கவில்லை. மேலே இரண்டு பெரிய கைகள் குலுக்க மறுத்தால், கீழே கோச், பிசியோ, புல்வெட்டுகிறவர் வரைக்கும் அடுப்பில் பூனை தூங்கும்.

கல்யாணப் பேச்சில் பிரிவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று நம் வீடுகளில் நினைப்போம். வேலைக்குச் சேரும் நாளிலும் அப்படியே நினைக்கிறோம். 'ஆரம்பிக்கும்போதே போற பேச்சா?' என்று வாயை மூடிக்கொள்கிறோம். பெரிய மனிதர்களும் அப்படித்தான். கோப்பை ஜெயித்த குஷியில் கையெழுத்துப் போட்டார்கள், தோற்றால் என்ன செய்வது என்று எழுதவில்லை. சந்தோஷமான நாளில்தான் சங்கடமான விஷயத்தை அமைதியாகப் பேச முடியும். சண்டை வந்த பிறகு பேசினால் அது பேச்சு இல்லை, வக்கீல் ஃபீஸ்.

அம்மாவின் கேள்விக்கு என் பதில் இதுதான். அந்த மூணு கோடி, தோற்றதற்குக் கொடுத்த பரிசு இல்லை. எழுத வேண்டியதை எழுதாமல் விட்டதற்குக் கட்டிய அபராதம். அந்தப் பணத்தில் எத்தனை சின்னப் பிள்ளைகளுக்கு மைதானமும் பூட்ஸும் கிடைத்திருக்கும் என்ற கோபம் எனக்கும் உண்டு. ஆனால், அந்தக் கோபம் போய்ச்சேர வேண்டிய இடம் கையெழுத்து வாங்கியவர் இல்லை, படிக்காமல் போட்டவர்கள்.

இது கால்பந்தோடு நிற்கிற சமாசாரமும் இல்லை. ஜிம் டிரெய்னர், டான்ஸ் டீச்சர், டியூஷன் சென்டரில் பாடம் எடுப்பவர், தனியார் ஆஸ்பத்திரியில் ஒப்பந்த நர்ஸ்... உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். எத்தனை மாதம், எவ்வளவு, எந்தத் தேதியில், இடையில் நிறுத்தினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, நாமாக நின்றால் என்ன. இந்த ஐந்தும் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். நகலை அன்றைக்கே கேட்டு வாங்குங்கள். 'அப்புறம்' என்றால், கையெழுத்துப் போட்ட கையோடு அந்தத் தாளை போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வருடம் தம்பி ஒரு புது இடத்தில் சேர்ந்தான். அவர்கள் நீட்டிய தாளைப் படித்துவிட்டு, "சார், ஒரு வரி சேர்க்கணும். நீங்க நிறுத்தினாலும் நான் நின்னாலும் ஒரு மாச நோட்டீஸ், இல்லன்னா ஒரு மாசச் சம்பளம்" என்று கேட்டிருக்கிறான். நிர்வாகி முகம் சுளிக்கவில்லையாம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நீங்க நின்னாலும்னு சேர்த்தீங்களே, அது எனக்கும் நல்லதுதான்" என்று பேனாவை எடுத்திருக்கிறார்.

அவன் கேட்ட இன்னொன்றைத் தாளில் எழுத முடியாது என்றார்கள். வாயால்தான் ஒப்புக்கொண்டார்கள். என்றைக்கு அவன் போக நேர்ந்தாலும், பிள்ளைகளிடம் கடைசியாக ஒரு நாள் பேசிவிட்டுப் போக விட வேண்டும். அதைக் கேட்டது ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது.

அவனோடு வேலை பார்க்கும் இரண்டு கோச்களும் இப்போது தங்கள் தாளில் அதே ஒரு மாத வரியைச் சேர்த்து வாங்கிவிட்டார்கள்.