காதற் பாட்டில் கோயில் ஓசை

இறைவனைக் காதலனாகப் பாவித்து உருகிப் பாடுவது தமிழருக்குப் புதிதன்று. ஆண்டாள் பாடினாள், நாயன்மாருள்ளும் சிலர் பாடினர். அமெரிக்காவின் தென்பகுதிக் கறுப்பின மக்களோ இவ்வழியை மறுபுறமாக நடந்தனர். தேவாலயத்தில் ஆண்டவனை நோக்கி எழுப்பிய குரலை, அதன் கண்ணீரோடும் நடுக்கத்தோடும், ஒரு பெண்ணை நோக்கித் திருப்பினர்.

இது எளிதில் நடந்துவிடவில்லை. சாம் குக் என்பார் புகழ்வாய்ந்த தேவகீதப் பாடகர். 1956-இல் அவர் பதிவு செய்த முதற் காதற் பாட்டு, 'டேல் குக்' என்ற பெயரில் வெளிவந்தது. தேவகீத ரசிகர்கள் சினங்கொள்வரே என்ற அச்சந்தான் காரணம். அப்பாட்டோ, அவர் முன்னரே பாடி வந்த தேவகீதமொன்றின் சொற்களை மாற்றி அமைத்தது! மெட்டு அதுவே, குரல் அதுவே. காதல் என்று வந்தவுடன் பெயரை ஒளிக்க வேண்டியதாயிற்று.

பத்தாண்டு கழித்து, 1966-இல், நிலைமை வேறு. அலபாமா மாநிலத்தில் இளமையில் வயல் வேலை செய்து, பின் மருத்துவமனையில் நோயாளிகளைப் பேணும் ஊழியராயிருந்த பெர்ஸி ஸ்லெட்ஜ் என்பவர், தம் சொந்தப் பெயரிலேயே 'வென் எ மேன் லவ்ஸ் எ வுமன்' என்ற பாட்டைப் பாடினார். ஒருவன் ஒருத்தியைக் காதலிக்கும்போது என்பது அதன் பொருள். ஷெஃபீல்டு என்னும் சிற்றூரில் பதிவான அவ்விசைத்தட்டு அமெரிக்கா முழுவதிலும் முதலிடம் பெற்றது. தோட்டத்து வாசகர்களுக்கு இச்செய்தியின் இனிமையை நாம் விளக்கவும் வேண்டுமோ?

பாட்டின் சொற்களில் பெருங்கவிதை இல்லையெனப் பண்டிதர் கூறுவர். காதல் கொண்டவன் கைப்பொருளை இழப்பான், நண்பனையும் துறப்பான், அவளிடத்துக் குற்றமே காணான் என்று அது சொல்லிச் செல்கிறது. அறிவை அடகு வைக்கும் காதல் இது என்று நம்மவர் கண்டிக்கலாம். அதில் நியாயமும் உண்டு. எனினும் நெஞ்சைப் பிடிப்பது அப்பட்டியல் அன்று. முதலில் 'ஒரு மனிதன்' என்று பிரசங்கியாரைப்போல் ஊருக்கு உரைத்து வந்தவன், போகப்போகத் தன்னை மறைக்கமாட்டாமல் 'நான்' என்கிறான்; 'நீ' என்கிறான். அம்மக்களின் தேவாலயங்களில், ஏழை எளியோர் எழுந்து நின்று தம் வாழ்வில் நிகழ்ந்ததைச் சபையோர்முன் சாட்சியாகக் கூறும் வழக்கம் உண்டு. அந்தச் சாட்சியின் குரலே இங்குக் கேட்கிறது. பாட்டைத் தொடங்கி வைக்கும் ஆர்கனும் ஜெபவேளையில் ஒலிப்பதுபோலவே மெல்லப் படிப்படியாக இறங்கி வருகிறது.

ஆங்கிலம் அறியாத எம் அன்னையார் ஒருநாள் மாலை இதனைக் கேட்டார்.

"யாரப்பா இவன்? சாமியை இப்படிக் கூப்பிடுகிறானே!"

"சாமியை அன்று, அம்மா. ஒரு பெண்ணை."

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். கணவரை இழந்து பல்லாண்டு கழிந்தவர். அப்பாவைப் பற்றி எம்மிடம் அதிகம் பேசாதவர்.

"மறுபடியும் போடு" என்றார்.

முள்ளை எடுத்துத் தட்டின் தொடக்கத்தில் வைத்தோம்.