அரைப்பேர்

நேற்று மடவளையிலிருந்து வத்துகாமம் தாண்டி, பன்விலைப் பக்கத் தோட்டமொன்றுக்குப் போனேன். சர்ச் ஒன்று நடத்திய இலவச மருத்துவ முகாம். வந்த டாக்டருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பது என் வேலை. பள்ளிவாசல் ஊர்க்காரன் என்று யாரும் வித்தியாசம் பார்க்கவில்லை.

கொழுந்தெடுக்கும் ஓர் அம்மாவுக்கு பிரஷர் 180.

"எவ்வளவு நாளா தலைசுத்து?"

"ரெண்டு மாசமா மகன். ஆஸ்பத்திரிக்குப் போனா அரைப்பேருதான் விழும்."

அரைப்பேர் என்றால் பாதிநாள் சம்பளம். அதை டாக்டருக்கு எப்படிச் சொல்வதென்று ஒரு கணம் தடுமாறினேன்.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் நினைவுக்கு வந்தார். மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தவர்; மருத்துவ நூல்களைத் தமிழாக்கியவர். எவ்வளவு பெரிய மனசு!

அம்மாவுக்குக் கொடுத்த குளிசை ஒரு மாதத்துக்குத்தான். அது முடியுமுன் மறுபடி போகிறேன். வத்துகாமத்திலிருந்து வேன் இருக்கிறது, யார் வருகிறீர்கள்?