மறுத்துப் பேசினால் ஐந்து காசு

வித்துராவிலிருந்து ஒரு சாலை பொன்முடிக்கு ஏறுகிறது, இன்னொன்று போணக்காட்டுக்கு. போணக்காட்டுக்கு அப்பால் அகத்தியர்கூடத்துக்கு நடைதான். மலையைத் தாண்டிவிட்டால் பாபநாசம், தாமிரபரணி, திருநெல்வேலிச் சீமை. இந்த இரண்டு சரிவிலும் காணிக்காரர்கள் வாழ்கிறார்கள். அவர்கள் மரபில் குடியிருப்புக்குத் தலைவர் மூட்டுக்காணி. அவர் சொன்னதும் ஆட்களைக் கூட்டுகிறவர் விளிக்காணி. மருந்தும் மந்திரமும் பிலாத்தியின் பொறுப்பு. வழக்கு, கல்யாணம், குற்றம், தண்டம் எல்லாம் முன்பு ஊர் கூடித்தான் தீர்ந்தன. ஆனால், இங்கேதான் கூடினார்கள் என்று காட்ட ஒரு கல்கூடக் கிடையாது.

கல் வேண்டுமென்றால் மலைக்கு அந்தப் பக்கம் இறங்க வேண்டும். திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில் மானூர். அங்குள்ள அம்பலவாண சுவாமி கோயிலின் கல்தூண் ஒன்றில் வட்டெழுத்துச் சாசனம் இருக்கிறது. பாண்டியன் மாறஞ்சடையனின் 35ஆம் ஆட்சியாண்டு, ஏறக்குறைய கி.பி. 800. பள்ளிக்கூடப் புத்தகத்தில் எல்லோரும் படித்த உத்தரமேரூர்க் குடவோலைச் சாசனங்கள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. மானூர்ச் சாசனம் அவற்றைவிட நூறாண்டுக்கு மேல் மூத்தது. புகழ் என்னவோ உத்தரமேரூருக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

மானூர் அன்றைக்கு மானநிலைநல்லூர் என்ற பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குத் தானமாக விட்ட ஊர். பறை சாற்றி, கோவர்த்தனம் என்ற கோயிலில் மகாசபை கூடியது. எடுத்த முடிவு, யார் சபையில் பேசலாம் என்பது. ஊரில் நிலப்பங்கு உள்ளவர்களின் பிள்ளைகளில், ஒரு பங்குக்கு ஒருவர்தான் வரலாம். அவரும் ஒழுக்கமுள்ளவராக, வேதத்தில் குறித்த பகுதியோடு ஒரு தர்ம நூலும் கற்றவராக இருக்க வேண்டும். பங்கை விலைக்கு வாங்கியிருந்தாலும், தானமாகப் பெற்றிருந்தாலும், சீதனமாக வந்திருந்தாலும் சபைக்கு வர இப்படித் தகுதி காட்டியாக வேண்டும். காலும் அரையும் முக்காலும் செல்லாது. முழுப் பங்கு இருந்தால்தான் வாரியம் என்ற குழுவில் இடம். பெண்ணோடு வந்த நிலம் ஆணுக்குச் சபையில் இடம் வாங்கித் தந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். நிலத்தை உழுதவனுக்கு அங்கே வாயே கிடையாது.

இந்தத் தூணில் எனக்குப் பிடித்தது கடைசிப் பகுதி. சபைக்குக் கொண்டுவருகிற ஒவ்வொரு யோசனைக்கும் ‘இல்லை’ என்று சொல்லிக் குத்துக்கால் போடுகிறவர்களுக்கும், அவர்களோடு சேர்ந்து நிற்கிறவர்களுக்கும் ஐந்து காசு தண்டம். தண்டம் கட்டினாலும் தப்ப முடியாது. முடிவுக்குக் கட்டுப்பட்டே ஆகவேண்டும். அரசன் ஆணையிட்டதல்ல, சபையே தனக்குப் போட்டுக்கொண்ட விதி இது. அப்படியொரு விதி தேவைப்பட்டதென்றால் அந்தச் சபை என்ன பாடுபட்டிருக்கும்! குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்குப் போய் வந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதே விதி உண்மையான எதிர்க்குரலையும் அடைத்திருக்கும். விதண்டாவாதம் எது, நியாயமான மறுப்பு எது என்று யார் தீர்மானித்தார்கள் என்பதைத் தூண் சொல்லவில்லை. கல் என்பது வென்றவர்கள் எழுதிவைத்த கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, அவ்வளவுதான்.

கல்லில் எழுதாமலே கூடிய சபையும் உண்டு. உலகின் வட கோடியில் ஐஸ்லாந்து. அங்கே 930 வாக்கில் திங்வெட்லிர் வெளியில் தொடங்கிய ‘ஆல்திங்’ பேரவைக்கு மண்டபம்கூட இல்லை. சட்டமும் முதலில் ஏட்டில் இல்லை. ஒருவர் மனப்பாடமாக வைத்திருந்து, ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு வீதம் பாறையில் நின்று சொல்லவேண்டும். காணிக்காரர் கூட்டத்துக்கு மானூரைவிட இதுதான் நெருங்கிய உறவு.

எழுதாத சபைக்கு ஒரு சங்கடம் உண்டு. வெளியாருக்கு யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாது. 1987இல் அகத்தியமலைக்குப் போன ஆய்வாளர்கள், களைப்புத் தீர வழிகாட்டிகளான காணிக்காரர்கள் தின்ற ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையை அறிந்துகொண்டார்கள். வித்துராவுக்குப் பக்கத்திலேயே, பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ மருந்தை உருவாக்கியது. உரிமம் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்குப் போனது. உரிமத்தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997இல் அவர்கள் பெயரில் அறக்கட்டளையும் பதிவானது. பழங்குடியின் அறிவுக்குப் பங்கு தந்த முன்னோடி ஏற்பாடு என்று உலகமெங்கும் பேசினார்கள். மலைக்குள்ளேயோ கருத்து இரண்டுபட்டது. குற்றிச்சல் பஞ்சாயத்துக் காணிகள் பலர் வரவேற்றார்கள். வித்துரா, பெரிங்ஙம்மலைப் பக்கத்தில் எங்களைக் கேட்கவே இல்லையே என்றார்கள். மருந்தறிவை வெளியே சொன்னதே முறையல்ல என்றார்கள் சில பிலாத்திகள். ஒவ்வொரு குடியிருப்புக்கும் தனித்தனி மூட்டுக்காணி இருக்க, மொத்தக் காணிகளுக்கும் சேர்த்து யார் ஒப்புக்கொள்வது?

2006இன் வன உரிமைச் சட்டம் அந்தக் கேள்விக்கு ஒரு பாதி விடை தந்தது. காட்டு நிலத்தில் யாருக்கு என்ன உரிமை என்பதை முதலில் பரிசீலிப்பது கிராம சபை. கேரளத்துப் பழங்குடிகளிடம் அது ஊருக்கூட்டம். வயது வந்த எல்லோரும் அதில் உறுப்பினர். விதிகளுக்கு 2012இல் வந்த திருத்தப்படி பாதிப் பேராவது வந்தால்தான் கூட்டம் செல்லும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். முழுப் பங்கு இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. மறுத்துப் பேசினால் தண்டமும் இல்லை.