காட்டு ரயிலில் மூன்று நாள்

பள்ளி விடுமுறையில் வயதுக்கு வந்த மகனோடு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்ப ஆசையா? கெமாஸிலிருந்து தும்பாட்டுக்குப் போகும் கிழக்குக்கரை ரயில் பாதையைச் சொல்வேன். ஏறக்குறைய 526 கிலோ மீட்டர். பெரும்பாலும் காடும் ஆறும்தான்.

முதல் இரவுத் தங்கலையும் வீடு திரும்பும் நாளையும் மட்டும் உறுதி செய்யுங்கள். மற்றதைப் பிள்ளையிடம் விடுங்கள். ஆனால் ரயில்கள் குறைவு. நேர அட்டவணை உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். ஒரு கைலி, மழைச்சட்டை, டார்ச்விளக்கு போதும். (அம்மா திணிக்கும் முறுக்கு டின் கணக்கில் சேராது!)

கோல லிப்பிஸ், குவா மூசாங், டாபோங் என்று எழுதிக் கொடுத்தேன். ஸ்தோங் மலை அருவிக்காக டாபோங் என்றான் மகன். அங்கே கொட்டியது மழை! மலையேற முடியவில்லை. கடையில் தே தாரிக் குடித்தபடி உட்கார்ந்திருந்தோம். அவன் காதில் பாட்டு, பேச்சே இல்லை.

“1931-இல் முடிந்த பாதை இது. ஜப்பான்காரன் காலத்தில் இதில் பெரும்பகுதித் தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாம் ரயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே வேலைக்குப் போன என் தாத்தாவின் அண்ணன் திரும்பவேயில்லை” என்றேன்.

பாட்டை நிறுத்தினான். “அவர் பேர் என்னப்பா?”

எனக்குத் தெரியவில்லை.

“அப்போ தும்பாட் வேண்டாம். சிகாமட்டுக்குப் போய்ப் பாட்டியைக் கேட்போம்” என்றான். அட்டவணையை எடுத்தேன். அடுத்த ரயிலுக்கு நேரமிருந்தது. இன்னொரு தே தாரிக் சொன்னோம்.