பதினாறு எழுத்துக்குள் ஓர் ஊர்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில், பத்மதீர்த்தக் குளத்தைப் பார்த்திருக்கும் மேத்தன்மணிக் கடிகாரத்தின் முன்னால் எந்நேரமும் நாலு பேர் அண்ணாந்து நிற்பார்கள். மணியடிக்கும்போது தாடிக்காரன் வாயைப் பிளப்பான். இரண்டு பக்கமும் இருக்கும் ஆட்டுக்கடாக்கள் அவன் கன்னத்தில் வந்து முட்டும். இந்தக் கடிகாரத்தில் ஜான் கால்டிகாட்டுக்கும் பங்குண்டு என்பார்கள். சுவாதித் திருநாள் மகாராஜா 1837-இல் இங்கே தொடங்கிய வானாய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர் அவர்.

மகாராஜாவே ஆதரித்தும், ஆசியாவிலிருந்து முதல் சிறுகோளைக் கண்ட பெருமை சென்னைக்குத்தான் போயிற்று. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றும் கூட்டத்தில் 67-ஆவதை, 1861 ஏப்ரல் 17 அன்று நுங்கம்பாக்கத்திலிருந்து வானியலாளர் நார்மன் போக்சன் கண்டார். வைத்த பெயர் ஆசியா. கண்டத்தின் பெயர், கிரேக்கப் புராணப் பெண்ணின் பெயரும்கூட. அடுத்து சாஃபோ, சில்வியா, 1885-இல் வேரா. எல்லாம் கடல் கடந்து வந்த பெயர்கள்.

பிறகு நூறு வருஷத்துக்கு மேல் இந்தியாவில் ஒன்றுமில்லை. 1988 பிப்ரவரி 17-இல்தான் ஜவ்வாது மலைக் காவலூர் வானாய்வுக்கூடத்தில் வானியலாளர் ராஜமோகன் அடுத்ததைப் பிடித்தார். ஒரே வானத்துண்டை இடைவெளி விட்டு இரண்டு முறை படம் எடுப்பார்கள். நட்சத்திரங்கள் வைத்த இடத்தில் இருக்கும். ஒரு புள்ளி மட்டும் நகர்ந்திருந்தால் அது சிறுகோள். உடனே பெயர் கிடைத்துவிடாது. முதலில் '1988 டிக்யூ1' என்று ஓர் அடையாளம். டி என்றால் பிப்ரவரியின் பின்பாதி. க்யூ1 என்பது அந்தப் பாதியில் அதன் வரிசை. சுற்றுப்பாதை உறுதியான பிறகே நிரந்தர எண். அதற்கப்புறம்தான் பெயர் சொல்லும் உரிமை கண்டுபிடித்தவருக்கு வரும். இதற்கு 4130 என்ற எண்ணும், கணிதமேதை ராமானுஜனின் பெயரும் வந்தன. நம் பெயர் ஒன்று மேலே ஏற இத்தனை காலம்!

மறுவருஷம் அதே காவலூரில் ராஜமோகன் கண்ட ஒன்று இப்போது 5178 பட்டாழி. கேரளத்துச் சுற்றுச்சூழல் அறிஞர் சைனுதீன் பட்டாழியைக் கௌரவிக்க வைத்தது. பட்டாழி கொல்லம் மாவட்டத்துக் கிராமம். பெயருக்குப் பின்னால் ஊரைச் சேர்த்துக்கொள்வது இங்கே சகஜம். ஆளைக் கௌரவிக்கப் போய் ஊரையும் சூரியனைச் சுற்ற விட்டுவிட்டார்கள். என்னைக் கேட்டால், ராமானுஜனைவிட எனக்குப் பிடித்த பெயர் இதுதான். ராமானுஜனுக்குப் புகழ் புதிதில்லை, பட்டாழிக்குப் புதிது.

பெயர் வைப்பதற்கும் சட்டதிட்டம் உண்டு, அதைப் பார்த்து ஒப்புதல் தர வானியலாளர்களின் சர்வதேசக் குழு ஒன்றும் உண்டு. கடைக்கு விளம்பரமாகிவிடக் கூடாது. அரசியல்வாதி, படைத்தலைவர் என்றால் இறந்து நூறு வருஷம் ஆகியிருக்க வேண்டும். (இது ஒன்றுக்காகவே அந்தக் குழுவுக்கு மாலை போடலாம்.) ரோமன் எழுத்தில் பதினாறுக்கு மிகக் கூடாது.

அடுத்து நம் பக்கத்தில் யாராவது சிறுகோள் கண்டுபிடித்தால் ஊர்ப்பெயர் ஒன்றை எழுதி அனுப்புங்கள். திருவனந்தபுரம் தேறாது, பதினெட்டு எழுத்து. கிழக்கேகோட்டையை மலையாளத்தார் சொல்கிறபடி எழுதினால் பதின்மூன்றுதான்.