நாலடியா, அஞ்சடியா?

ஆம்பூரில் புல் அறுக்க ஆள் கூப்பிட்டால், "ஷூ கம்பெனியில நிழல்ல வேலை இருக்குதுங்க" என்று பதில் வருகிறது. நியாயம்தானே? அந்த நிழலில்தான் நானும் கணக்கு எழுதுகிறேன்!

அப்பாவின் தென்னந்தோப்புக்கு 20 ஹெச்.பி. மினி டிராக்டர் உண்டு. ரோட்டவேட்டர் விட்டால் மேல்வேரும் அறுபடும். அதனால் புல்லை மட்டும் வெட்டும் ஸ்லாஷர் வாங்கத் தீர்மானம். பணம்? என் சீட்டுப் பணம்.

"அஞ்சடி வாங்குடா, சீக்கிரம் முடியும்" என்றார் அப்பா. அகலம் கூடினால் எடை கூடும். சின்ன டிராக்டர் பின்னால் அதைத் தூக்கினால் முன்சக்கரம் லேசாகி, ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. சக்கரத் தடத்தை மூடுகிற நாலடியே போதும்.

மற்றதையும் விசாரித்தேன். பி.டி.ஓ. தண்டின் 540 சுற்றுக்கு ஏற்ற கியர்பாக்ஸா? கல்லில் பட்டால் பின்வாங்குகிற பிளேடா? முன்னும் பின்னும் சங்கிலித் திரை உண்டா? பிளேடில் அடிபட்ட கூழாங்கல் தோட்டா மாதிரி பறக்கும். தோப்பில் அக்கா பிள்ளைகள் ஓடியாடுகிறார்கள். சங்கிலி இருந்தாலும், வண்டி ஓடும்போது அவர்களைக் கிட்டே விடக்கூடாது.

கடைக்காரர் சங்கிலிக்குத் தனி விலை சொன்னார். "அது எதுக்கு?" என்றார் அப்பா.

"அகலம் குறைஞ்சா அரைமணி நேரம்தாம்ப்பா போகும்" என்றேன்.

மிச்சத்தை நான் சொல்லவில்லை. அப்பாவே பர்ஸை எடுத்துவிட்டார்.